ஏழுமலையின் பிளேசர்

போன மாதம் என் பழைய அலுவலகத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு வேலைக்குச் சேர்ந்தவள். இனிமேல் காமா கதிர் ஃப்ளேர் அறிவிப்புகளைக் கம்ப்யூட்டரே தயார் செய்து கம்ப்யூட்டரே அனுப்பிவிடுமாம். மனுஷர் கண் படவே வேண்டாமாம். "அதனால மேடம், முன்னாடி நீங்கள்லாம் எப்படி வேலை பார்த்தீங்கன்னு எழுதித் தர்றீங்களா? கட்சி மாறுறது, கட்சி மாறுறதுன்னு சீனியருங்க சொல்லிச் சிரிக்கிறாங்க. அது என்னன்னே எங்களுக்குத் தெரியல" என்றாள்.

சிரிக்கிறார்களாமே. எனக்குச் சுருக்கென்றது. சிரிக்கிறவர்களில் பாதிப் பேர் அந்தக் கட்சி மாறுவதில் என்னிடம் தோற்று, மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு கேண்டீனுக்குப் போனவர்கள். சரி, எழுதிவிடுகிறேன்.

எனக்கு ஊர் அனுப்பம்பட்டு. அப்பாவுக்கு நெல் வயல். இயற்பியலில் பி.எஸ்சி. முடித்துவிட்டு, சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் தொழில்நுட்ப உதவியாளராகச் சேர்ந்தேன். முதல் சில வருஷங்கள் டேப்பை மாட்டு, டேப்பைக் கழற்று, பிரிண்டருக்கு மை போடு என்று போயின. அவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டேன், பதவி கொஞ்சம் ஏறியது, காமா கதிர் குழுவில் போட்டார்கள். ஓய்வு வரை அங்கேதான். பழவேற்காடு ஏரிக்கு அந்தப் பக்கம் ராக்கெட் கிளம்பினால் எங்கள் ஊரில் மாடி ஏறி நின்று பார்ப்பார்கள். அதனால் வானம் சம்பந்தப்பட்ட வேலை என்றாலே ராக்கெட் விடுகிற வேலைதான் என்று என் சொந்தக்காரர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். ராக்கெட் போகும்போதெல்லாம் எனக்கு வாழ்த்துச் சொன்னார்கள். மறுத்துப் பார்த்து அலுத்துப்போய் நானும் நன்றி சொல்ல ஆரம்பித்துவிட்டேன்.

உண்மையில் எங்கள் வேலை இதுதான். வெகு தொலைவில் உள்ள சில கேலக்ஸிகளின் நடுவே பெரிய கருந்துளை இருக்கிறது. அது சுற்றியிருப்பதை விழுங்கும்போது, விழுங்காததை ஒரு பீய்ச்சலாக வெளியே துப்புகிறது. அந்தப் பீய்ச்சல் நேராக நம் பக்கம் திரும்பியிருந்தால் அந்தக் கேலக்ஸிக்குப் பிளேசர் என்று பெயர். பிளேசர் மாதக்கணக்கில் சும்மா கிடக்கும். திடீரென்று ஒரு நாள் கொழுந்துவிட்டு எரியும். அதுதான் ஃப்ளேர். அதில் வரும் காமா கதிர் நம் காற்று மண்டலத்தைத் தாண்டித் தரைக்கு வராது; மேலே சுற்றும் தொலைநோக்கிதான் பிடிக்க வேண்டும். வெளிநாட்டுக்காரர்கள் அனுப்பிய தொலைநோக்கி ஒன்று சில மணி நேரத்துக்கு ஒருமுறை வானம் முழுவதையும் பார்த்து முடித்து, பார்த்ததையெல்லாம் உலகத்துக்கே இலவசமாகக் கொடுத்துவிடும். நாங்கள் அதை இறக்கி, எங்கள் பிளேசர்களில் எதன் வெளிச்சம் ஏறியிருக்கிறது என்று தினமும் பார்ப்போம். ஏறியிருந்தால் உலகத்துக்கு ஓர் அறிவிப்பு அனுப்புவோம். கூடவே, நம் நாட்டு எக்ஸ்ரே தொலைநோக்கியை அந்தப் பக்கம் திருப்பச் சொல்லி ஒரு கோரிக்கையும் போகும். இரண்டு தொலைநோக்கியும் ஒரே சமயத்தில் பார்த்தால்தான் அந்தப் பீய்ச்சலுக்குள் என்ன நடக்கிறது என்று சொல்ல முடியும்.

சொல்வது சுலபம். காமா கதிர் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். சும்மா கிடக்கிற பிளேசரிலிருந்து ஒரு நாளில் வந்து சேரும் ஒளித்துகள்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதிலும் சக்தி குறைந்த துகள் சரியாக எங்கிருந்து வந்தது என்று தெரியாது. தெருவில் மீன் வறுக்கிற வாசனை வந்தால் எந்த வீடு என்று அடித்துச் சொல்ல முடியுமா? அப்படித்தான். சக்தி அதிகமான துகள் மட்டும் அடுப்பையே காட்டிக்கொடுக்கும். அதுவோ எப்போதாவதுதான் வரும். ஆக, நம் பிளேசர் ஏறிவிட்டது என்று நாம் குதிக்கும்போது, நிஜத்தில் ஏறியிருப்பது பக்கத்து வீடாக இருக்கலாம்.

இந்தக் குதிப்பை அடக்கத்தான் வத்சலா மேடம் இருந்தார். எங்கள் குழுத் தலைவி. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைப்பார். துடைத்து முடிக்கும் வரை எதிரே நிற்பவர் பேசக் கூடாது. சந்தோஷம் வந்தாலும் அதையேதான் செய்வார். எது கோபம், எது சந்தோஷம் என்று பிரித்துப் பார்க்க எனக்கு வெகுகாலம் பிடித்தது. "பிரமாதமான ஃப்ளேர் மேடம்!" என்று யாராவது உள்ளே ஓடினால், "பிரமாதத்தை வெளிய விட்டுட்டு உள்ள வா" என்பார்.

கட்சி மாறுறது அவர் வைத்த வழக்கம். ஏற்றத்தைக் கண்டுபிடித்தவர் எவரோ, அவரேதான் 'இது ஃப்ளேர் இல்லை' என்று வாதாட வேண்டும். இன்னொருவர் 'ஃப்ளேர்தான்' என்று எதிர்த்துப் பேச வேண்டும். மேடம் நடுவில் உட்கார்ந்து கேட்பார். கண்டுபிடித்தவர் தன் ஃப்ளேரை நிஜமாகவே கொல்லப் பார்க்க வேண்டும். ஒப்புக்குப் பேசினால், "நீ இன்னும் உன் கட்சியிலயே இருக்க. போயிட்டு நாளைக்கு வா" என்று அனுப்பிவிடுவார். எவ்வளவு அடித்தும் சாகாத ஃப்ளேருக்குத்தான் அறிவிப்பு போகும். மற்ற ஊர்க்காரர்கள் முந்திக்கொள்வார்கள் என்று எத்தனையோ பேர் முணுமுணுத்திருக்கிறார்கள். மேடம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எனக்கோ அந்த அறைக்குள் போவதென்றால் கொண்டாட்டம். வாயாடி என்று ஊரில் வாங்கிய பெயருக்கு அங்கேதான் சம்பளம் கிடைத்தது.

இந்த அறைக்குள் ஒருநாள் ஏழுமலை வந்தான். ஆராய்ச்சி மாணவன். ஏரிக்கரையில் இருக்கும் தோணிரேவுக்காரன். அவன் வீட்டில் எல்லாரும் ஏரியில் இறங்கிக் கையால் தடவி இறாலும் நண்டும் பிடிக்கிறவர்கள். பஸ்ஸில் பொன்னேரி வந்து ரயில் ஏறுவான். அடுத்த ஸ்டேஷனில் ஏறும் எனக்கு ஜன்னலோரம் பிடித்து வைத்திருப்பான். மற்ற மாணவர்கள் கைக்கு எட்டிய பிளேசரையெல்லாம் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்வார்கள். இவன் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொண்டான். அதற்குப் பிளேசர் பட்டியலில் எண்ணும் எழுத்துமாக ஒரு பெயர் உண்டு. அவனுக்கு அது 'நம்மாளு'.

"அக்கா, நேத்து நம்மாளு லேசா அசைஞ்சாப்ல இருந்துச்சு பாத்தியா?"

"அசையலடா. உன் கண்ணுதான் அசையுது."

மீஞ்சூர் தாண்டும் வரை இந்தப் பேச்சு ஓடும். கூட வருகிறவர்கள் யாரோ உறவுக்காரர் உடம்புக்கு முடியாமல் கிடக்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். ஒரு அம்மாள் என் கையைப் பிடித்து, "கவலப்படாதம்மா, எழுந்து உக்காந்துருவாரு" என்று ஆறுதலே சொன்னார்.

ஆனால் நம்மாளு எழுந்து உட்காரவில்லை. ஏழுமலையின் ஆராய்ச்சி முழுவதும் அதன் ஒரு ஃப்ளேரைத்தான் நம்பியிருந்தது. அந்த ஒரு ஃப்ளேரை இரண்டு தொலைநோக்கிகளும் சேர்ந்து பார்த்துவிட்டால் போதும், பட்டம் வாங்கிவிடுவான். பார்க்காவிட்டால் அத்தனை வருஷமும் தண்டம். எக்ஸ்ரே தொலைநோக்கியைத் திருப்ப எங்களுக்கு அந்த வருஷத்துக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு வாய்ப்பு. அவனுடைய உதவித்தொகையும் முடியும் தறுவாயில் இருந்தது. போதாததற்கு, சூரியன் நகர்ந்து நகர்ந்து அந்தப் பிளேசர் இருக்கும் பக்கமாக வந்துகொண்டிருந்தது. சூரியன் நெருங்கிவிட்டால் எக்ஸ்ரே தொலைநோக்கி அந்தப் பக்கம் தலை திருப்பாது. பிறகு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு முற்பகல் அவன் என் மேஜைக்கு ஓடிவந்தான். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தன் திரையைக் காட்டினான். நம்மாளு இருந்த இடம் பளிச்சென்று இருந்தது. எனக்கே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இரண்டு பேரும் மேடம் அறைக்கு ஓடினோம். பிரமாதத்தை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே போனோம்.

மேடம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி. ஏழுமலை, கொல்லு. சரோஜா, நீ காப்பாத்து" என்றார்.

பாவம், முதலில் அவன் தடுமாறினான். மேடம் முறைத்ததும் நிமிர்ந்தான். பக்கத்தில் வேறு ஒரு பிளேசர் இருக்கிறதே, அதுவாக இருக்கலாமே என்றான். அது வழக்கம்போலத்தான் இருக்கிறது என்று நான் காட்டினேன். கருவிக் கோளாறு என்றான். அப்படியானால் மற்ற இடங்களும் பளிச்சென்று இருக்க வேண்டுமே என்றேன். அறிவிப்புக்கு என்ன தலைப்பு வைக்கலாம் என்று மனசுக்குள் யோசிக்கவே ஆரம்பித்துவிட்டேன். அப்போது அவன் வாதத்தை நிறுத்தினான். சுவரில் இருந்த காலண்டரைத் திரும்பிப் பார்த்தான். பிறகு, "நிலா எங்க இருக்குன்னு பாக்கலியேக்கா" என்றான்.

இதை வெளி ஆட்களுக்கு விளக்க வேண்டும். காமா கதிரில் பார்த்தால் நிலா நல்ல வெளிச்சம். விண்வெளியில் பறக்கும் துகள்கள் அதன் தரையில் மோதிக்கொண்டே இருப்பதால் வருகிற வெளிச்சம் அது. அதற்குத் தேய்வதும் வளர்வதும் கிடையாது. அமாவாசை அன்றும் முழு நிலாதான். எங்கள் ஃப்ளேர் நாளில் நம் கண்ணுக்கு மெல்லிய கீற்றாகத் தெரிந்த வளர்பிறையை நாங்கள் யாருமே நினைக்கவில்லை. அப்போதைய புரோகிராமும் நிலாவைக் கழிக்காது. எங்கள் தொழிலில் இருப்பவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. நிலாவைப் பிளேசர் என்று நினைத்துக்கொள்ள வேறு யாரால் முடியும்?

கணக்குப் போட்டான். நிலா அந்த இடத்தை ஒட்டித்தான் போயிருந்தது.

நான் விடவில்லை. "பக்கத்துல போனா என்ன? நிலாவும் இருந்திருக்கும், ஃப்ளேரும் இருந்திருக்கும். நாளைக்கு வரைக்கும் காத்திருந்தா சூரியன் வந்துடும். இன்னைக்கே கோரிக்கை போட்டாத்தான் உண்டு" என்று கத்தினேன்.

"அடுப்பக் காட்டுற துகள் ஒண்ணாவது வந்துருக்காக்கா?"

ஒன்றுகூட வரவில்லை என்று எனக்குத் தெரியும். நிலாவிலிருந்து அந்த மாதிரித் துகள் வராது. ஃப்ளேர் என்றால் ஒன்றிரண்டாவது வந்திருக்க வேண்டும்.

மேடம் அவனைப் பார்த்து, "அனுப்பலாமா?" என்று கேட்டார். "வேணாம் மேடம்" என்றான். மறுநாள் நிலா நகர்ந்துபோன பிறகு பார்த்தோம். நம்மாளு எப்போதும்போல இருட்டாகக் கிடந்தது.

மேடம் மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவன் ஃப்ளேரை அவன் கையாலேயே கொல்ல வைக்க வேண்டுமா? அதை வேறு யாராவது செய்திருக்கக் கூடாதா? ரயிலில் இதைச் சொல்லிப் புலம்பினேன். அவன்தான் என்னைத் தேற்றினான். "வுடுக்கா. நிலாவக் காட்டி டாக்டர் பட்டம் வாங்கிக்கினு ஊருக்குப் போனா, தெனம் அது மேல ஏறி வரும்போது நான் மூஞ்ச எங்க வெச்சிக்கிறது?" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். பொன்னேரியில் அவன் இறங்கிப் போவதை நினைத்துப் பார்த்து, நான் அனுப்பம்பட்டு பிளாட்பாரத்திலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

உதவித்தொகை நின்றது. ஆராய்ச்சியை முடிக்காமலே ஊருக்குப் போனான். அவன் நைனாவோடு ஏரியில் இறங்குகிறான், சாயங்காலம் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறான் என்று கேள்விப்பட்டேன். ஜன்னலோர இடம் எனக்கு அதன் பிறகு கிடைக்கவில்லை. கிடைத்தாலும் உட்காரப் பிடிக்கவில்லை. எக்ஸ்ரே தொலைநோக்கிக்குப் புதிதாக விண்ணப்பம் போட்டபோது மட்டும், அந்தப் பிளேசருக்குப் பொறுப்பாளர் என்ற இடத்தில் மேடம் ஏழுமலையின் பெயரை அப்படியே வைத்திருந்தார். நிர்வாகத்தில் யாரோ ஞாபகப்படுத்தினார்கள், அவன் இப்போது இங்கே இல்லை என்று. "தெரியும்" என்று மட்டும் சொன்னார்.

மறுவருஷம் ஒரு நாள் காலையில் வழக்கம்போல வரைபடத்தைத் திறந்தேன். நம்மாளு எரிந்துகொண்டிருந்தது.

முதலில் நிலாவைத் தேடினேன். வானத்தின் எதிர்ப்பக்கத்தில் இருந்தது. மேடத்திடம் போனேன். கண்டுபிடித்தவள் நான், அதனால் கொல்ல வேண்டியவளும் நான். காப்பாற்றுவதற்கு இரண்டு புது மாணவர்களை உட்கார வைத்தார். இந்தத் தடவை பக்கத்துப் பிளேசர் வழக்கம்போல இல்லை, அதுவும் லேசாக ஏறியிருந்தது. வந்திருப்பதெல்லாம் பக்கத்து வீட்டு வாசனைதான் என்று நான் அடித்த அடியில் பிள்ளைகள் இருவரும் வாயடைத்துப்போனார்கள். கட்சி மாறுவதில் கை மெத்தனமாக இருக்கக் கூடாது என்பது சட்டம், நானும் இருக்கவில்லை. ஆனால் அந்த ஃப்ளேர் சாகக் கூடாது என்று எந்தச் சாமியைக் கூப்பிடுவது என்று தெரியாமல் எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன்.

மேடம் கண்ணாடியைத் துடைத்தார். "இவங்களுக்கு அந்தப் பிளேசரைத் தெரியாது. தெரிஞ்சவன் வந்து பேசணும்" என்றார்.

"அவன் நம்ம ஆபீஸ்ல இல்லையே மேடம்."

"நான் ஆபீஸைக் கேட்கல. நாளைக்குத் தொலைநோக்கி திரும்பணும்னா சாயங்காலத்துக்குள்ள கோரிக்கை போகணும். கூப்பிடு."

கூப்பிட்டேன். எடுத்தது அவன் நைனா. "அவன் தண்ணில கீறான்மா. எறா நல்லா வுழுது. பொழுது சாய்ஞ்சிதான் ஏறுவான்" என்றார். பொழுது சாய்ந்தால் எங்கள் கெடு முடிந்துவிடும். மேடத்திடம் சொன்னேன். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "லேப்டாப்பை எடு" என்றார்.

மேடம் கார் ஓட்டுவது தனிக் கதை. அவர் வானத்தைப் பார்க்கும் கவனத்தில் பாதியைச் சாலையில் வைத்திருக்கலாம். பொன்னேரி வருவதற்குள் நான் என் பிள்ளைகளை நினைத்துக்கொண்டுவிட்டேன். தோணிரேவில் இறங்கியபோது நல்ல வெயில். கரையில் நின்று அவன் நைனா கையைத் தட்டிக் கூவினார். தூரத்தில் தண்ணீருக்கு மேல் தலை மட்டும் தெரிந்தது. மெல்ல நடந்து வந்தான். கழுத்தில் இறால் போட்டு வைக்கும் பறி தொங்கியது, கையெல்லாம் சேறு. எங்களைப் பார்த்ததும் பயந்துவிட்டான். யாரோ செத்துப்போய்ச் சேதி சொல்ல வந்திருக்கிறோம் என்று நினைத்தானாம்.

"உன் பிளேசர் ஏறியிருக்கு. சரோஜா இல்லைங்கறா. பதில் சொல்லு" என்றார் மேடம்.

தண்ணீர் ஓரமாகக் கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு படகின் மேல் லேப்டாப்பை வைத்தேன். கையில் சேறு என்பதால் அவன் தொடவில்லை. முழங்கால் தண்ணீரிலேயே நின்றபடி பார்த்தான்.

"நிலா?"

"அந்தப் பக்கம். முதல்ல அதத்தான் பார்த்தேன். ஏறியிருக்கறது உன் ஆளு இல்லடா, பக்கத்தாளு. இத பாரு."

"பக்கத்தாளு ஏறணும்னா ஒரு வாரம் முன்னாடியே முனகும்கா. திடுதிப்புனு ஏறாது. எத்தினி வருசமா ரெண்டுத்தையும் சேத்து பாத்துக்கினு இருந்தேன். போன வாரத்தப் போடு."

போட்டேன். பக்கத்தாளிடம் முனகல் இல்லை.

"இந்தத் தடவை முனகாம ஏறியிருக்கும்" என்றேன். என் குரலே எனக்கு நம்பிக்கையாக இல்லை.

"சரி, அடுப்பக் காட்டுற துகள் எங்க வுழுந்துச்சு?"

"ஒண்ணு மட்டும் ரெண்டு ஆளுக்கும் நடுவுல விழுந்திருக்கு."

"அத நீ எடுத்துக்க. மீதி?"

மீதியெல்லாம் நம்மாளின் தலைமேல் விழுந்திருந்தது. காட்டினேன். அவன் என்னைப் பார்த்தான். எனக்கு வேறு வாதம் இல்லை. தோற்றதில் இவ்வளவு சந்தோஷப்பட்ட வாயாடி உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த அவன் நைனா தலையைச் சொறிந்தார். "ஏம்மா, அது இன்னா இப்பதான் எரியுதா?"

"இல்லைங்க ஐயா, பல கோடி வருஷத்துக்கு முன்னாடி எரிஞ்சது. வெளிச்சம் இப்பதான் வந்து சேர்ந்திருக்கு" என்றார் மேடம்.

"அம்மாம் வருசம் ஆயிடுச்சா? அப்ப அவசரம் இன்னாத்துக்கு?"

மேடம் படகில் சாய்ந்து உட்கார்ந்து, என் போன் சிக்னலில் லேப்டாப்பை இணைத்து, முதலில் எக்ஸ்ரே தொலைநோக்கிக்குக் கோரிக்கையை அனுப்பினார். பிறகு அறிவிப்பை எழுதினார். எழுதுபவர் என்ற இடத்தில் முதல் பெயராக ஏழுமலையின் பெயரை அடித்தார். பெயருக்குப் பக்கத்தில் எந்த நிறுவனம் என்று போட்டாக வேண்டும். இல்லாவிட்டால் அறிவிப்பு நகராது.

"உனக்கு என்ன விலாசம் போடறது?" என்று கேட்டார்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "எனக்குத்தான் விலாசமே இல்லியே மேடம். என் பேர எடுத்துடுங்க. உங்க ரெண்டு பேர் பேர்ல அனுப்பிடுங்க."

அதுவரை சிரித்துக்கொண்டிருந்த அவன் நைனாவுக்கு முகம் மாறிவிட்டது. "இன்னாடா சொன்ன? விலாசம் இல்லியா? அப்ப இது இன்னாடா?" என்று கரையையும் குடிசைகளையும் காட்டிக் கேட்டார். "பொறந்த ஊரு, வூடு, வாசல், நான், எல்லாம் கீது. விலாசம் இல்லாதவனாடா நீ?"

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது கோபம் இல்லை, சந்தோஷமும் இல்லை. கண் கலங்கினாலும் அதையேதான் செய்வார் என்று அன்று தெரிந்துகொண்டேன். மாட்டிக்கொண்டு, 'தோணிரேவு, பழவேற்காடு ஏரி, தமிழ்நாடு' என்று ஆங்கிலத்தில் அடித்தார். என் பெயரையும் தன் பெயரையும் அதற்குக் கீழே போட்டார். அனுப்பினார்.

தொலைநோக்கி திரும்பியது. ஃப்ளேர் அடங்குவதற்குள் நன்றாகவே பார்த்துவிட்டது. ஏழுமலை மறுபடி பதிந்துகொண்டு ஆராய்ச்சியைச் சமர்ப்பித்தான், பட்டம் வாங்கினான், இப்போது ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறான். அதெல்லாம் மெல்ல மெல்ல நடந்தது. ஆனால் அறிவிப்பு போன மறுநாளே, ஐரோப்பாவில் ஒரு பெரிய குழுவிலிருந்து அவன் பெயருக்கு எங்கள் குழு முகவரியில் ஒரு மின்னஞ்சல் வந்தது. அடுத்தடுத்த நாட்களில் அந்தப் பிளேசரை நாங்களும் உங்களோடு சேர்ந்து பார்க்க விரும்புகிறோம், தோணிரேவு ஆய்வகத்தில் என்ன தொலைநோக்கி வைத்திருக்கிறீர்கள் என்று மரியாதையாகக் கேட்டிருந்தார்கள்.

நானே பதில் எழுதிவிடவா என்று மேடத்தைக் கேட்டேன். "அவனுக்கு வந்த கடிதம். அவன்தான் எழுதணும்" என்றார். போனில் அவனுக்குப் படித்துக் காட்டினேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னான். பிறகு, எழுதிக்கொள்ளச் சொன்னான். அவன் சொன்னதை அப்படியே அனுப்பினேன்.

"எங்கள் ஊரில் தொலைநோக்கி எதுவும் இல்லை. நான் இருக்கிறேன்."